சோளகமும் வாடையும் வகுத்த ஓடுபாதை

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் அனேகமாக ஏ-9 வீதியால்தான் போவார்கள். எனக்கு ஏ-32 பிடிக்கும். நாவற்குழியில் திரும்பி, சங்குப்பிட்டிப் பாலத்தில் கடலைத் தாண்டி, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மேற்குக் கரையோடு இறங்கி மன்னாரில் வந்து சேரும் வீதி. சனம் குறைவு. தை மாதத்தில் ஒரு பக்கம் அறுவடைக்கு நிற்கும் வயல், மற்றப் பக்கம் உவர்நிலமும் கண்டலும். இந்த முறை அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வழியால் புறப்பட்டேன்.

அவளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கிடைத்திருக்கிறது. கம்பஸ் தொடங்க முன்னர் கொழும்பில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது: விமானி ஆவதற்கான மருத்துவப் பரிசோதனை. கட்டுபெத்தையில் இருக்கும் கம்பஸிலிருந்து இரத்மலானை விமான நிலையம் கிட்டத்தான். நாட்டின் பறப்புப் பயிற்சிப் பள்ளிகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. கிழமை நாட்களில் விரிவுரை, சனி ஞாயிறில் பறப்பு என்று ஒரு கொப்பியில் அட்டவணை போட்டு வைத்திருந்தாள். நேரே கொழும்புக்கு ஓடாமல் மன்னாரில் தங்கிப் போவோம் என்றது நான். பறக்கப் பழகப் போகிற பிள்ளை முதலில் காற்றோடு பழக வேண்டும். அதற்கு இந்த நாட்டில் மன்னாரை விட்டால் வேறு எங்கே போவது?

அக்காவைச் சம்மதிக்க வைத்தது லேசான காரியமாக இருக்கவில்லை. எங்கள் தலைமுறைக்கு விமானம் என்றால் பதுங்குகுழிதான் ஞாபகம் வரும். இரைச்சலை வைத்தே எந்த வகை என்று சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடத்தில் மேசைக்குக் கீழும், வீட்டில் பனங்குற்றி அடுக்கிய குழிக்குள்ளும் போய்க் குப்புறப் படுப்போம். ஊரில் ‘சியாமா செட்டி’ என்று சொன்ன சின்ன விமானம் இத்தாலியில் செய்த எஸ்.எஃப்.260. விமானிகளைப் பழக்குவதற்கென்று வடிவமைத்தது அது. இதை மருமகள் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். அம்மாவிடம் சொல்லாதே என்றேன், சொல்லிவிட்டாள். அக்கா கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பழகிற பிளேனாலையோ எங்களுக்குப் போட்டவங்கள்?” என்று மட்டும் கேட்டார். சம்மதம் வர அதற்குப் பிறகும் பல மாதம் ஆனது.

முழங்காவிலில் மேற்கே திரும்பினால் இரணைமாதாநகர், அங்கிருந்து படகில் போனால் இரணைதீவு. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ்-24 விமானம் இந்தக் கடலில்தான் விழுந்தது. பயணிகளும் பணியாளர்களுமாக 55 பேர், ஒருவரும் தப்பவில்லை. சுட்டு வீழ்த்தப்பட்ட விமானம் அது. 2012 இல்தான் இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் பாகங்களை எடுத்தார்கள். பிறகு அதோடு கிடைத்த உடுப்புகளை யாழ்ப்பாணத்தில் வைத்து, சொந்தக்காரரை வந்து அடையாளம் பார்க்கச் சொன்னார்கள். பதினைந்து வருடம் கடலுக்குள் கிடந்த சட்டையில் மகனைத் தேடிய தாய்மாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

வாகனத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அவள் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, இதே வழியாலதான் நானும் ஒரு நாள் தனியப் பறக்க வேண்டிவரும்.”

அவள் சொன்னது சரி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணித்தியாலம் பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல். அந்தத் தனிப் பறப்புக்குள் 270 கிலோமீற்றருக்குக் குறையாத ஒரு நெடும் பயணமும், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிறுத்துவதும் அடங்கும். இரத்மலானையில் ஏறுகிற பிள்ளைக்கு வடக்கே பலாலி அப்படியொரு தூரம். மேற்குக் கரையைப் பார்த்துக்கொண்டே வரலாம். புத்தளம், கற்பிட்டி, சிலாபத்துறை, மன்னார், பிறகு இந்தத் தீவுகள். கண்ணால் அடையாளம் பிடித்துப் பறக்கிற தொடக்கக்காரருக்குக் கடற்கரை நல்ல துணை.

மாந்தைச் சந்தியில் திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு மன்னார்த் தாம்போதிக்கு வந்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதி இது. மூன்று கிலோமீற்றர் இருக்கும். போரில் உடைந்த பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம் 2010 இல் திறந்தது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர், அப்பால் சேற்றுவெளி. இந்தப் பக்கத்தின் வங்காலைச் சரணாலயத்தை அதே 2010 இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்தார்கள். மாரியில் மத்திய ஆசிய வழியால் வருகிற பறவைகள் இலங்கைக்குள் நுழையும் வாசல்களில் இதுவும் ஒன்று. ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. தள்ளிப் பூநாரைகள்.

பூநாரை எழும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை. அவள்தான் கவனிக்க வைத்தாள். நாய் ஒன்று சேற்றுக்குள் இறங்கியதும் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பத்துப் பன்னிரண்டு பறவைகள் பயந்து எழும்பின. நாய் வந்தது மேற்கிலிருந்து. அப்படியென்றால் நேர் கிழக்கே ஓடித் தப்ப வேண்டும். அவை அப்படி ஓடவில்லை. எல்லாம் ஒரே மாதிரி வடகிழக்கே திரும்பின. கழுத்தை முன்னால் ஈட்டிபோல நீட்டி, செட்டையை விரித்து, தண்ணீருக்கு மேல் தப் தப்பென்று கால் பதித்து ஓடின. வெள்ளைக்குள் ஒளிந்திருந்த சிவப்பும் கறுப்பும் வெளியே வந்தன. எட்டுப் பத்து அடி வைத்ததும் கால் தண்ணீரை விட்டது. எழும்பி, கொஞ்சம் உயரம் பிடித்து, அதற்குப் பிறகுதான் தாங்கள் போக வேண்டிய திசைக்கு வளைந்தன.

“பாத்தீங்களே மாமா? முதல்ல காத்துக்கு முகம் குடுத்திட்டுத்தான் திரும்புது.”

தீவுக்குள் போய்ப் பேருந்து நிலையத்தடியில் பிளேன்ரீயும் உளுந்துவடையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வீதியின் நடுவில் கழுதைகள் நின்றன, மன்னாரில் அவற்றை யாரும் விரட்டுவதில்லை. அவள் கொப்பியைத் திறந்து எனக்குப் பாடம் நடத்தினாள்.

செட்டையைத் தூக்குவது அதன்மேல் ஓடும் காற்று. நிலத்தில் எவ்வளவு வேகமாக உருள்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. பயிற்சிக்குப் பல இடங்களிலும் பாவிக்கிற செஸ்னா 152 விமானத்தில் ஏறக்குறைய 50 நொட் வேகம் வந்ததும் மூக்கைத் தூக்குவார்கள். ஒரு நொட் மணிக்கு 1.85 கிலோமீற்றர். முகத்துக்கு நேரே 15 நொட் காற்று வீசினால் நிலத்தில் 35 நொட் ஓடினாலே போதும், செட்டைக்கு 50 கிடைத்துவிடும். அதே காற்று முதுகில் அடித்தால் 65 ஓட வேண்டும், பாதை போதாமல் போகலாம். இறங்கும்போதும் இதே கணக்குத்தான். அதனால்தான் ஒரு விமான நிலையம் கட்ட முதல் அந்த ஊர்க் காற்றை வருடக்கணக்கில் அளப்பார்கள்.

பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் காட்டினாள். ஓடுபாதையின் இரண்டு முனையிலும் பெரிய எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அந்தப் பாதை பார்க்கும் திசையின் பாகையில் கடைசிச் சுழியை எடுத்துவிட்டு எழுதியது. இரத்மலானையில் 04, மறுமுனையில் 22. அதாவது 40 பாகை, 220 பாகை. கட்டுநாயக்காவிலும் 04, 22. பலாலியில் 05, 23. மத்தளையிலும் 05, 23. நான்கும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கின்றன. மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து சோளகம். எங்கள் கரையார் பெயர் வைத்துத் தொழில் செய்த அதே இரண்டு காற்றுக்கும் முகம் கொடுத்துத்தான் இந்த நாட்டின் ஓடுபாதைகளைப் போட்டிருக்கிறார்கள். ஒரு கடற்கரைப் பிள்ளை விமானப் பள்ளிக்குள் நுழையும்போது பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் நுழைகிறாள் என்று எனக்குப் பட்டது. அவளிடம் சொன்னேன். “நான் எங்க மாமா படிச்சன், தாத்தா படிச்சவர்” என்றாள். அவளுடைய தகப்பன் வழித் தாத்தா மயிலிட்டியில் தொழிலுக்குப் போனவர்.

அப்படியானால் கொண்டல் வீசினால்? கிழக்கிலிருந்து நேராக, 16 நொட். ஓடுபாதை 40 பாகை, காற்று 90 பாகை, இடையில் 50. சைன் 50 ஐ 16 ஆல் பெருக்கினாள். பக்கவாட்டில் 12 நொட்டுக்குக் கொஞ்சம் மேல். செஸ்னா 152 இன் கையேட்டில் சோதித்துக் காட்டிய பக்கக்காற்று 12 நொட். “அண்டைக்கு நான் பறக்க மாட்டன்” என்று கோடு போட்டு முடித்தாள். இணைந்த கணிதத்தில் திரிகோணகணிதத்தை எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு கணக்கைக் காட்டலாம்.

பின்னேரம் தலைமன்னாருக்குப் போனோம். பள்ளிமுனையின் பெருக்கமரத்தையும் கோட்டையையும் இன்னொரு முறைக்கு விட்டுவிட்டோம். பேசாலையைத் தாண்டும்போதே தெற்குக் கரையில் காற்றாலைகள் வரிசையாகத் தெரிந்தன. 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனித் திட்டத்தின் 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவோற். எல்லாம் ஒரே திசைக்கு, வடகிழக்குக்கு முகத்தைத் திருப்பி வைத்திருந்தன. மின்சாரம் வேண்டும்தான். ஆனாலும் இந்த ஒடுங்கிய தீவில் மேலும் மேலும் காற்றாலை நடுவதற்கு எதிராக 2025 இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்து போராடியதில் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மழைவெள்ளம் வடிய வழி, மீன்பாடு, பறவைகளின் வழி என்று அவர்கள் அடுக்கிய கவலைகள் எல்லாம் வாழ்கிற இடத்தைப் பற்றியவை. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவின் குழு மன்னாரில் பிடித்து ஜி.பி.எஸ் கருவி பூட்டி விட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரைக்கும் போயிருக்கின்றன. அந்தப் பயணத்தின் தொடக்கமும் முடிவும் இந்த மணல்தான்.

தலைமன்னார் இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் துருவேறி நிற்கின்றன. 1914 இலிருந்து தனுஷ்கோடிக் கப்பலும் கொழும்பு ரயிலும் சந்தித்த இடம். கப்பல் நின்று போய்ப் பல காலம், ரயில் மட்டும் 2015 இல் திரும்பி வந்தது. அங்கிருந்து தனுஷ்கோடி 30 கிலோமீற்றர் அளவில், நடுவே மணல் திட்டுகள். இந்த நீரிணையை விமானத்தில் கடப்பதற்கும் பழைய வரலாறு உண்டு. 1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் முதன்முதல் இறங்கிய விமானத்தை ஓட்டியவர் சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமை ஆசிரியர் டின்டேல் பிஸ்கோ. இலங்கையின் முதல் விமான நிலையத்தை ஒரு பயிற்சி ஆசிரியர் தொடக்கி வைத்தார் என்பதில் மருமகளுக்குத் தனிச் சந்தோசம். 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் பயணமும் இரத்மலானையில் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் போனது. எங்களுக்கு ஆகாயம் பயத்தின் இடமாக மாறியது அதற்கு மிகவும் பிற்பட்ட காலத்தில். இதை அக்காவுக்கு ஒருதரம் நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெற்குக் கரையில் சம்மாட்டி ஒருவர் வாடிக்கு வெளியே வலை பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வாடைக் காலத்தில் வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம் கடல் அடிக்கும், தெற்கே மன்னார் வளைகுடா படிந்து கிடக்கும். சோளகத்தில் நிலைமை மாறும். அதற்கேற்றபடி படகும் வாடியும் கரை மாறும். மருமகள் விமானம் ஓட்டப் பழகப் போகிறாள் என்று சொன்னதும் அவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“காத்துப் பாக்கத் தெரியுமே பிள்ளை?”

போனில் பார்ப்பேன் என்றாள்.

“போனை வை. கண்ணை மூடு. முகத்தை மெல்ல மெல்லத் திருப்பு. ரெண்டு காதிலயும் ஒரே மாதிரி இரைஞ்சா நிப்பாட்டு.”

அவள் அப்படியே செய்தாள். இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், பிறகு நின்றாள். “மூக்கு பாக்கிற பக்கம்தான் காத்து” என்றார். அவள் கண்ணைத் திறந்து போனில் திசைகாட்டியைப் பார்த்தாள். 50 பாகை. எனக்கும் ஆசை வந்து நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு காதில் இரைச்சல் கூடிக் குறைந்து, இரண்டும் சமமாகும் இடத்தில் காற்று சட்டென்று முகம் முழுக்கப் படுகிறது.

எண்ணெயைப் பற்றியும் அவரே கேட்டார். பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது, சேருமிடம் வரைக்கும் தேவையானதற்கு மேல் 30 நிமிடத்துக்கு எரிபொருள் இருக்க வேண்டும் என்று அவள் விதியைச் சொன்னாள். அவருக்கு அது காணாது. “நாங்கள் மண்ணெண்ணெய் எடுக்கேக்கை, போறதுக்கு ஒரு பங்கு, வாறதுக்கு ஒரு பங்கு, காத்துக்கு ஒரு பங்கு.” அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். பிறகு அவர் சொன்னதுதான் அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய உபகாரம்: “படிப்பிக்கிறவரிட்டை ஒண்டு கேள். கடைசியா எப்ப போகாமல் நிண்டவர் எண்டு. போன கதை எல்லாரும் சொல்லுவினம். நிண்ட கதை இல்லாதவனோட கடலுக்குப் போகாத.”

இரவு மன்னார்ப் பட்டினத்தில் தங்கினோம். அங்கேதான் காசுக் கதை வந்தது. அக்கா பாடசாலை ஆசிரியை, அத்தான் இல்லை. ஒரு துண்டுக் காணியை விற்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். நான் ஒன்றில் உறுதியாக நின்றேன்: மருத்துவச் சான்றிதழ் கைக்கு வரும்வரைக்கும் காணியும் இல்லை, கட்டணமும் இல்லை. தொழில்முறை விமானிக்கு முதலாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். கண், நிறம் பிரித்துப் பார்க்கும் திறன், காது, ஈ.சி.ஜி, இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டால் தகுதி போய்விடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9 பார்வைக்கும் இரண்டும் சேர்ந்து 6/6 பார்வைக்கும் வந்தால் போதும். நிறக்குறைபாடு அப்படியில்லை, அதைக் கண்ணாடி போட்டுத் தீர்க்க முடியாது. பலருக்குத் தங்களுக்கு அந்தக் குறை இருப்பதே புள்ளிப் படங்களைப் பார்த்து இலக்கம் வாசிக்கச் சொல்லும்போதுதான் தெரியவரும். முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டு அதைத் தெரிந்துகொள்கிற குடும்பத்தின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

தொழில்முறை உரிமத்துக்குப் பொதுவாக 200 மணித்தியாலம் வேண்டும், அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியில் 150. ஒவ்வொரு மணித்தியாலமும் எரிபொருள் விலையோடும் டொலரோடும் ஏறி இறங்கும். ஆகவே மொத்தமாகக் கட்டாமல், பறக்கிற மணித்தியாலத்துக்கு மட்டும் கட்டுகிற ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். ஒரு பள்ளியில் எத்தனை விமானம் இன்றைக்கு ஓடுகிற நிலையில் நிற்கிறது என்றும் கேட்கச் சொன்னேன். பொறியியலை விடக் கூடாது என்பதில் அவளுக்கே தெளிவு இருந்தது. உடம்பில் ஒரு சின்னக் கோளாறு வந்தாலும் விமானியின் சான்றிதழ் நின்றுபோகும். அப்படி ஒரு நாள் வந்தால் கையில் இன்னொரு தொழில் இருக்க வேண்டும்.

அக்கா தொலைபேசியில் வந்தார். சம்மாட்டி சொன்ன மூன்று பங்கு எண்ணெய்க் கதையை மகள் சொல்ல, மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பலாலிக்கு வாற அண்டைக்கு எத்தினை மணிக்கு எண்டு முதலே சொல்லு. நான் முத்தத்தில நிக்கோணும்” என்றார் அக்கா. அது வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று மகள் சொல்லியும், நேரத்தைச் சொல்லுவேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வைத்தார்.

மறுநாள் கொழும்பு பஸ் எடுத்தோம். பரிசோதனை நல்லபடி முடிந்தது, சான்றிதழும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் இரத்மலானையில் பள்ளிகளைப் பார்க்கப் போனாள். நானும் கூடவே போய் வாசலில் இருந்தேன். சம்மாட்டியின் கேள்வியை எல்லா இடத்திலும் அப்படியே கேட்டாள்: கடைசியாக எப்போது பறக்காமல் நின்றீர்கள்? ஓரிடத்தில் கேள்வியைக் காதில் போடாமல் தவணைக் கட்டணப் பத்திரத்தை எடுத்து நீட்டினார்கள். இன்னோரிடத்தில் ஆசிரியர் உடனே, “நேற்றுப் பின்னேரம்” என்றார். கிழக்கே இடிமுகில் கட்டத் தொடங்கியதால் மாணவனை ஓடுபாதைக்குக் கொண்டுபோகாமலே திருப்பி அனுப்பியதாகவும், அந்தப் பையன் கோபித்துக்கொண்டு போனதாகவும் சொன்னார். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்க் காற்றுப்பையைக் காட்டி, இப்போது எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவாய் என்று கேட்டார். அவள் பையைப் பார்க்க முதல் கண்ணை மூடி முகத்தைத் திருப்பினாள். அங்கே முதல் 10 மணித்தியாலத்துக்கு மட்டும் பணம் கட்டினோம்.